நின்றபடி போட்ட கையெழுத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம். அவர்களும் தாங்கள் சாதித்ததை எழுதிக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள இரண்டு மூன்று உண்டு. அவற்றை வேறு யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அன்று என்னால் ஒரு மனிதர் செத்திருப்பார்.

முதலில் நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். என் அம்மாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்டுக்கு ஒரு பங்காளி இருக்கிறான். அவனுக்குச் சர்க்கரையும் கடலை எண்ணெயும் கொடுத்து, மூச்சுவிடக் காற்றையும் ஊதினால், ஒரு வாரத்தில் தேன் மாதிரி ஒன்றைச் செய்து தொட்டியின் அடியில் இறக்கி வைப்பான். அது பிசுக்கை எடுக்கும், கையை எரிக்காது. பாத்திரம் கழுவும் திரவத்தில் சேர்க்கலாம், முகம் கழுவும் சோப்பில் சேர்க்கலாம். கீழ்பென்னாத்தூரில் காலமெல்லாம் கடலை விளைவித்த என் அம்மா கேட்டாள்: "எண்ணெயப் போட்டு எண்ணெய எடுக்கறத செய்யறியா?" இதைவிடச் சுருக்கமாக இந்தத் தொழிலை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இங்கே வருவதற்கு முன் நான் வேறொரு ஊரில் ரொட்டி ஈஸ்ட் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மீட்டரில் சூடு எவ்வளவு என்று தெரியும்போது எதற்கு இது என்று நாங்கள் பின்னால் சிரிப்போம். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் காகிதத்திலும் நின்றபடி கையெழுத்துப் போடமாட்டார். நாற்காலி இல்லையென்றால் படியில் உட்காருவார். படியும் இல்லையென்றால் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். ஒருநாள் துணிந்து காரணம் கேட்டேன். "உக்காந்தா படிப்பேன்மா. நின்னா எழுதிடுவேன்" என்றார். அது அவருடைய குணம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் பொருந்துகிற விதி என்று தோன்றவில்லை.

நம் தொழிற்சாலையில் நான் உற்பத்திப் பொறுப்பை ஏற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேட்ச் கெட்டுப்போனது. நம் ஈஸ்ட் வளர வேண்டிய இடத்தில் எங்கிருந்தோ வந்த வேறொரு காட்டு ஈஸ்ட் பெருகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுமே தெரிந்தது. மூடியைத் திறந்தால் புளித்த கள் வாசனை. அந்த மாதத்தில் கெட்டது அது இரண்டாவது. முதலாவதற்கு மின்சாரத்தைக் காரணம் சொல்லியிருந்தேன், அது உண்மையும்கூட. இரண்டாவதற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முதலாளி திட்டவில்லை. "சரி, சீக்கிரம் காலி பண்ணிட்டு அடுத்ததை ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிதானம் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த பேட்சுக்கான விதை ஈஸ்ட் சின்னத் தொட்டியில் தயாராக இருந்தது. நாற்று மாதிரிதான் அதுவும். பருவம் தவறினால் முற்றிவிடும். அதற்குள் பெரிய தொட்டி காலியாக வேண்டும், கழுவ வேண்டும், ஒட்டியிருக்கும் கிருமிகள் சாக நீராவி கொடுக்க வேண்டும். கெட்ட கரைசலை எடுத்துப் போகும் கழிவு லாரி செங்கம் பக்கத்திலிருந்து ஊரைக் கடந்து வர வேண்டும். லாரி வர வேண்டிய நாளோ பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் லாரிகளைத் திருப்பி விட்டுவிடுவார்கள். அதனால் முந்தின நாளே காற்றையும் கலக்கியையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். காலையில் லாரி வந்ததும் வடித்துவிடலாம் என்பது கணக்கு.

லாரி எட்டு மணிக்கே வந்துவிட்டது. முக்கால் பாகம் வடிந்து முதல் நடையும் போய்விட்டது. அது இரண்டாம் நடைக்குத் திரும்பி வருவதற்குள் சரிபார்க்கலாமென்று குழாயைத் திறந்தால் எதுவும் வடியவில்லை. அடியில் தேன் உறைந்து வடிகால் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. பேட்ச் கெட்டாலும் அதற்கு முன் நம் ஈஸ்ட் செய்து வைத்த சரக்கு கொஞ்சம் இருக்குமே, அது வெல்லப்பாகு போல இறுகி, கூடச் செத்த செல்களும் சேர்ந்து அடைத்துவிட்டது. வெந்நீர் விட்டுப் பார்த்தோம். கீழிருந்து குத்திப் பார்த்தோம். பலனில்லை. யாராவது உள்ளே இறங்கித் துடுப்பால் கிளற வேண்டும்.

ஏழுமலை தொட்டியின் மேல்மேடையில் நின்றுகொண்டிருந்தார். அடி அண்ணாமலைக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அந்தத் தொட்டியின் ஒவ்வொரு வெல்டிங்கும் அவருக்குத் தெரியும். அவர் மனைவியின் தம்பி குமாரும் அதே ஷிப்டில் இருந்தான்.

ஏழுமலை மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டு எறங்கட்டுமா மேடம்?"

"நேரம் இல்ல ஏழுமலை. லாரிக்காரன் வந்துட்டு இருக்கான்."

"வாசனையும் ஜாஸ்தியா இருக்குதே."

"புளிச்சு போனா வாசனை வராதா? ரெண்டு நிமிஷ வேல."

ஏழுமலை துடுப்பை எடுத்துக்கொண்டார். தொட்டிக்குள் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டைக் குமார் நீட்டினான். உள்ளே காற்றைச் சோதித்தாயிற்றா, இடுப்புப் பட்டை, கயிறு கட்டியாயிற்றா, மேலே காவலுக்கு யார் என்று வரிசையாகக் கேள்விகள் அதில் இருந்தன. அவற்றை எழுதியதே நான்தான். மேடைக் கம்பியின் மீது அந்தச் சீட்டை வைத்து, நின்றபடி, எல்லாவற்றுக்கும் ஒரே கோடாக ஆமென்று இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். காற்று மீட்டர் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. வாங்கி வந்தபோது இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இருக்காது. நம் பக்கத்தில் மேலே இருப்பவரிடம் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "செய்யட்டுமா?" என்று கேட்பார்கள். "அப்புறம் பாக்கலாமா?" என்பார்கள். "பரவாலயா மேடம்?" என்பார்கள். ஏழுமலை அன்று என்னிடம் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னார். இரண்டையும் நான் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் ஏணியில் இறங்கினார். குமார் மேலே டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து லாரி ஓட்டுநர் போன் செய்தார். இப்போதே திருப்பிவிட ஆரம்பித்துவிட்டார்கள், வரட்டுமா வேண்டாமா என்று கேட்டார். நான் பத்தடி தள்ளி நின்று, எந்தத் தெருவழியாக வரலாம் என்று அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா," என்று குமார் கூப்பிடுவது கேட்டது. சாதாரணக் குரல்தான். பிறகு இன்னொரு முறை, "மாமா. என்னா மாமா, ஒக்காந்துட்ட?"

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே டார்ச் வெளிச்சத்தில் ஏழுமலை ஏணியின் கடைசிப் படிகளில் நெஞ்சைச் சாய்த்து மண்டியிட்டிருந்தார். ஒரு கை படிக்குள் மாட்டியிருந்தது. அதனால்தான் அவர் முகம் கீழே இருந்த குழம்புக்குள் விழவில்லை. துடுப்பு பக்கத்தில் மிதந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கணத்திலேயே முழுதாகப் புரிந்துவிட்டது. அதுதான் வெட்கம். தெரியாத விஷயமாக இருந்தால் புரியவே நேரமாகியிருக்கும். காற்றை நிறுத்தியபின் காட்டு ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையை இரவெல்லாம் புளிக்க வைத்திருக்கிறது. அப்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் தேங்குவது மாதிரி தொட்டிக்குள்ளேயே அடியில் தேங்கி நின்றிருக்கிறது. கல்லூரியில் முதல் வருடத்தில் படித்தது.

குமார் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். தோள்பட்டையில் தையல் பிரிந்தது.

"உடுங்க மேடம்."

"எறங்காத. நீயும் விழுவ."

"அவரு என் மாமா மேடம். எங்க அக்காவுக்கு நான் இன்னா சொல்லுவேன்? உடுங்க."

"குமார், நீ எறங்கினா ரெண்டு பேர எடுக்கணும். எனக்கு நீ மேல வேணும்."

அவன் என் கையைத் தட்டிவிட்டிருக்க முடியும். என்னைவிடப் பலசாலி. ஏன் நின்றான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாட்ச்மேனைக் கூவி அழைத்து, மீட்டரையும் பட்டையையும் கயிற்றையும் எடுத்து வரச் சொன்னேன்.

ஈஸ்டுக்கு மூச்சு கொடுக்கும் காற்றுக் குழாய் தொட்டியின் அடியில்தான் திறக்கிறது. அதன் வால்வு மேடையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்தால் கீழிருந்து நல்ல காற்று வரும், கெட்ட காற்றை மேலே தள்ளும். கையை வால்வில் வைத்துவிட்டுத் தயங்கினேன். அடியில் முழங்கால் அளவுக்குக் கரைசல் இருந்தது. நாம் செய்வது என்ன? சோப்பு. அதற்குள் காற்றை ஊதினால் நுரை எழும். வாய் திறந்து கிடக்கும் ஒரு மனிதரைச் சுற்றி நுரை ஏறும்.

திறக்காவிட்டால் இந்தக் காற்றிலேயே கிடப்பார். திறந்தால் நுரையில் மூழ்கலாம்.

கால்வாசி திறந்தேன். குழம்பு கொப்பளித்தது. வெள்ளை நுரை அவர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. "ஏறுது மேடம், ஏறுது" என்று குமார் சொல்லிக்கொண்டே இருந்தான். மேடையின் ஓரத்தில் கடலை எண்ணெய் கேன் இருந்தது. தினமும் தொட்டிக்கு ஊட்டுகிற அதே எண்ணெய். நுரை பொங்கினால் அடக்குவதற்கும் அதைத்தான் ஒரு கரண்டி ஊற்றுவோம். கேனைத் தூக்கித் தொட்டியின் வாயில் சாய்த்தேன். சுவரோரமாக வழிந்து இறங்கியது. பாதி அவர் முதுகிலும் விழுந்திருக்கும். நுரை, பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்தது போல அமுங்கியது. அதற்குப் பிறகுதான் வால்வை முழுக்கத் திறந்தேன்.

இரைச்சல். வேறு எதுவும் கேட்கவில்லை. குமார் டார்ச்சை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் உதடு மட்டும் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று பிறகு பலர் கேட்டார்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை. வாட்ச்மேன் மீட்டரோடு படியேறி வருவதற்கும் ஏழுமலையின் தலை ஒரு பக்கமாக அசைவதற்கும் சரியாக இருந்தது.

மீட்டரின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தேன். கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினேன். காற்று நல்லதென்று அது காட்டும்வரை குமாரை விடவில்லை. அதுவரை அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு அவன் பட்டையோடும் கயிற்றோடும் இறங்கி, மாமாவின் அக்குளில் இன்னொரு பட்டையை மாட்டினான். மோட்டார் தூக்கும் செயின் பிளாக்கை வைத்து மேலே எடுத்தோம். உடம்பெல்லாம் எண்ணெயும் தேனுமாக வழுக்கியது. மேடையில் கிடத்தியதும் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைப் போல நிம்மதியான ஒன்றை நான் கேட்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள் இருக்கிறது. அங்கே போவதென்றால் பௌர்ணமிக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்வோம். தொழிற்சாலை வண்டியை எதிர்ப்பக்கம், கீழ்பென்னாத்தூருக்குத் திருப்பச் சொன்னேன். அங்கே ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் அவர் உட்கார்ந்து டீ கேட்டார்.

அப்போது நானும் அவரும் மட்டும் இருந்தோம். குமார் அக்காவை அழைத்துவரப் போயிருந்தான்.

"மேடம், நானா எறங்கனதா எழுதிக்கோங்க" என்றார் ஏழுமலை. குரல் கரகரத்தது. "நீங்க சீட்டு குடுக்கறதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்னு சொல்லிடறேன். குமாருகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன் ஏழுமலை?"

"உங்களுக்கு பிரச்சன வரும்ல. என்னை இன்னா பண்ணிடப் போறாங்க, ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுவாங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தன் வேலை போய்விடுமோ என்ற பயமும் அதில் இருந்தது. என்னைக் காப்பாற்றினால் நான் அவரைக் காப்பாற்றுவேன் என்று எண்ணியிருக்கலாம். எனக்குச் சபலம் இல்லாமல் இல்லை. அந்த அனுமதிச் சீட்டு என் கைப்பையில் மடித்து இருந்தது. அதைக் கிழித்துப் போட்டிருந்தால் கேட்க யாரும் இல்லை. சரி என்று தலையாட்டவும் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவர் மனைவி வந்தார். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இளநீர்க் கடை போடுகிறவர். கடையை யாரிடமோ விட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து வெளியே வந்து, குமாரோடு வண்டியேறியிருக்கிறார். புருஷனின் தலையைத் தடவினார். எண்ணெய் ஒட்டிய விரலை முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"இவரு வேணாம்னு சொல்லலையா மேடம்? ஊட்டுல எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்லுவாரு."

ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாரு," என்றேன். "ரெண்டு வாட்டி சொன்னாரு. நான்தான் கேக்கல."

மறுநாள் காலை நான் ஆபீசில் உட்கார்ந்து, விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இறங்கச் சொன்னது நான், மீட்டர் அலமாரியில் இருந்தது, சோதிக்காமல் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். முதலாளி அதைப் படித்தார். மாற்றி எழுதச் சொல்லவில்லை. உற்பத்திப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்து ஆய்வகத்தில் போட்டார். ஏறக்குறைய ஒரு வருடம் அங்கே இருந்தேன். என்னிடம் பயின்றவர்கள் எனக்கு உத்தரவு போட்டார்கள். அது கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த லாரி அன்று இரண்டாம் நடையில் வெறும் வண்டியாகத் திரும்பிப் போய், நாலு நாள் கழித்து வந்து மிச்சத்தை எடுத்துப் போனது. விதை ஈஸ்ட் முற்றிப்போனது. புதிதாக வளர்த்தோம். அவ்வளவுதான் நஷ்டம்.

ஏழுமலை பத்து நாளில் வேலைக்கு வந்தார். குமார் என்னோடு பல மாதம் பேசவில்லை. நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். தன் மாமா செத்துக்கொண்டிருந்தபோது சட்டையைப் பிடித்து நிறுத்தியவள் நான். அதற்கு முன் அவரை உள்ளே அனுப்பியவளும் நான். இரண்டையும் சேர்த்து அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? ஒருநாள் ஆய்வக வாசலில் வந்து நின்று, "அந்த மீட்டருக்கு பேட்டரி தீந்து போச்சு மேடம், புதுசு இருக்குதா?" என்று கேட்டான். அன்றிலிருந்து பேசினோம்.

உங்களில் சிலர் சீக்கிரமே பொறுப்புக்கு வருவீர்கள். தொழில்நுட்பத்தை என்னைவிட நன்றாகப் படித்து வந்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அன்று செய்த தவறுக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததை நினைத்துப் பார்க்கிற அளவுக்கு நான் நிதானிக்கவில்லை. உங்களுக்குக் கீழே இருப்பவர் தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன், "உனக்கு இது வேணாம்னு தோணுதா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் அவர்கள் சிரித்து மழுப்புவார்கள். மீதி நேரத்துக்காகக் கேளுங்கள்.

பிறகு மறுபடியும் என்னிடம் பொறுப்பு வந்தது. ஏழுமலை ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆனார். ஒருநாள் நம் சரக்கை வாங்கும் சோப்புக் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒரு புதுப் பேட்சைத் தொடங்கிக் காட்டுவதாக நான் சொல்லியிருந்தேன். தொட்டிக்கு நீராவி கொடுத்துக்கொண்டிருந்தபோது பாய்லரில் அழுத்தம் கம்மியாகிவிட்டது. கொடுக்க வேண்டிய நேரத்தில் இன்னும் கால்வாசி பாக்கி. இதுவரை கொடுத்ததே போதும், விதையை விட்டுவிடலாம் என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"முடியாது மேடம்" என்றார்.

வந்தவர்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

"மொதல்லேந்து திரும்ப நீராவி குடுக்கணும். இதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

வந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அவர்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வண்டி கேட்டைத் தாண்டியபின் ஏழுமலை இரண்டு டீ எடுத்துக்கொண்டு வந்து ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"கோவமா மேடம்?"

"ஆமா."

"இருக்கட்டும்," என்று தன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பாய்லர் ஏறிடுச்சு. நான் போய் மொதல்லேந்து ஆரம்பிக்கறேன்."